உணவகங்களில் பரிமாறும் அளவு

உணவகத்தில் ஒருவருக்கு ஒரு விலைக்கு எனத் தரப்படும் உணவின் அளவே பரிமாறும் அளவு எனப்படுகிறது. பட்டியலில் ஒரே பெயரில் இருக்கும் உணவு ஊருக்கு ஊர், நாட்டுக்கு நாடு வெவ்வேறு அளவில் தட்டுக்கு வருகிறது. அரிசியும் எண்ணெயும் கிலோவிலும் லிட்டரிலும் விற்கப்படுகின்றன. சமைத்துப் பரிமாறும் தட்டுக்கு அப்படி ஒரு பொது அளவு கிடையாது. "ஒரு சாப்பாடு", "ஒரு பிளேட்", "ஒரு செட்" என்பவை அந்தந்த ஊர்ப் பழக்கத்தால் பொருள் பெறும் சொற்கள்.

பயணம் செய்வோர் இதை முதல் நாளே உணர்வார்கள். இருவர் உண்ணக்கூடியதை ஒருவர் வாங்கிவிட்டு மீதியை வீணாக்குவது உண்டு. காசு கொடுத்தும் பசி அடங்காமல் எழுவதும் உண்டு. இக்கட்டுரை மரக்காணம் உப்பளக் கடற்கரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இந்த வேறுபாடு எதனால் வருகிறது, உடல்நலத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு, பயணி என்ன செய்யலாம் என்பவற்றை விளக்குகிறது.

மரக்காணத்தில் ஒரு சாப்பாடு

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள கடற்கரைப் பேரூர். சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை இதன் வழியே செல்கிறது. ஆந்திரத்தில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் இங்கே முடிகிறது. கழுவெளிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலத்தில் உப்பளங்கள் பரந்துள்ளன. தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றைப் போல மரக்காணமும் உப்புக்குப் பெயர் பெற்ற ஊர்.

இந்தச் சாலையோர உணவகங்களுக்கு இரண்டு வகையான மக்கள் வருகிறார்கள். ஒரு சாரார் பாத்திகளில் உப்பு வாருவோர், மூட்டை தூக்குவோர், மீன்பிடித் தொழிலாளர், லாரி ஓட்டுநர்கள். உப்பளத்தில் வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்கி, உச்சி வெயிலுக்குள் பல மணி நேர உடலுழைப்பை முடித்திருப்பார்கள். மற்றொரு சாரார் காரிலும் பேருந்திலும் அமர்ந்தபடி வரும் பயணிகள். இருவரும் கேட்பது ஒரே சாப்பாடுதான்.

இருவருக்கும் வேண்டிய ஆற்றலோ ஒன்றல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளில் தேவைப்படும் ஆற்றல் வருமாறு: உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 2110 கிலோகலோரி, நடுத்தர உழைப்புக்கு 2710, கடும் உழைப்புக்கு 3470. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவை முறையே 1660, 2130, 2720 ஆகும்.

கடும் உழைப்பாளிக்கும் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் இடையே ஆண்களில் மட்டும் 1360 கிலோகலோரி வேறுபாடு இருக்கிறது. ஒருவருக்குப் போதாத சாப்பாடு மற்றவருக்கு மிகையாகலாம். ஆகவே "சரியான அளவு" என்று எல்லாருக்கும் பொதுவான ஒன்றைச் சொல்ல முடியாது. அளவைத் தீர்மானிப்பவர் உண்பவரா, சமையலறையா என்று பார்த்தால் நாடுகளுக்கிடையே உள்ள வேறுபாடும் விளங்கும்.

பழைய காலத்தில் இரண்டு முறைகள்

இப்பகுதியில் பயணிகளுக்கு உணவு தந்ததைப் பற்றிய மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. இதை இயற்றிய நத்தத்தனார், மரக்காணத்துக்கு வடக்கே உள்ள இடைக்கழிநாட்டைச் சேர்ந்த நல்லூர்க்காரர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் வழியைப் பாணனுக்குச் சொல்லும் இந்நூல், ஒவ்வோர் ஊரிலும் என்ன உணவு கிடைக்கும் என்பதையும் சொல்கிறது. கடற்கரை ஊரான எயிற்பட்டினத்தில் சுட்ட உலர்மீன் கிடைக்கும். வேலூரில் புளிச்சோறும் வேட்டை இறைச்சியும், ஆமூரில் வெண்சோற்றுடன் நண்டுக்கறியும் கிடைக்கும். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

பயணத்தின் முடிவில் நல்லியக்கோடன் பொற்கலத்தில் உணவிட்டு, பாணன் விரும்பியதைக் கவனித்து, தானே நின்று உண்ணச் செய்கிறான். இங்கே அளவு என்று ஒன்று இல்லை. உண்பவர் போதும் என்னும் வரை இடுவதே விருந்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இதே விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்வி நிலையத்தைக் குறிப்பிடுகிறது. அங்கே பயின்ற 340 மாணவர்களுக்கு நாள்தோறும் தர வேண்டிய நெல் அளவிட்டு எழுதப்பட்டுள்ளது. பலருக்கு நாள் தவறாமல் உணவிட வேண்டிய இடத்தில் நாழியும் உழக்கும் தேவைப்பட்டன. அளவில்லா விருந்து, அளந்து தரும் உணவு ஆகிய இந்த இரண்டு முறைகளையும் இன்றைய உணவகங்களிலும் காணலாம்.

முழுச் சாப்பாடும் அளவுச் சாப்பாடும்

தமிழ்நாட்டு உணவகங்களில் மதிய உணவு பொதுவாக இரு வகை. முழுச் சாப்பாட்டில் சோறு, சாம்பார், ரசம், மோர், பொரியல் ஆகியவற்றைக் கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். அளவுச் சாப்பாட்டில் எல்லாம் ஒரே முறைதான். கிண்ணங்களில் அளந்து வைத்த தட்டு வந்துவிடும்.

முழுச் சாப்பாடு என்றால் அதிகச் சாப்பாடு என்று வெளியூர்ப் பயணிகள் எண்ணுவது வழக்கம். உண்மையில் அதில் அளவு முன்கூட்டியே முடிவாவதில்லை. இலையின் மேல் கையைக் குறுக்கே நீட்டினால் பரிமாறுபவர் நகர்ந்துவிடுவார். ஒரு கரண்டிச் சோற்றோடு நிறுத்திக்கொள்ள உப்பளத் தொழிலாளிக்கும் பயணிக்கும் சம உரிமை உண்டு. ஆனால் விலை ஒன்றே என்பதால், "கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும்" என்ற எண்ணம் கையைத் தடுக்கிறது.

பொட்டலத்தில் நிலைமை வேறு. பார்சல் சாப்பாட்டின் அளவைக் கடையே முடிவு செய்கிறது. பெரும்பாலும் அது ஒருவருக்கு அதிகமாக இருக்கும். பிரியாணிக்குப் பல ஊர்களில் கால், அரை, முழு என்ற பிரிவுகள் உண்டு என்றாலும், ஒரு கடையின் அரை இன்னொரு கடையின் முழு அளவை ஒட்டி வருவதும் உண்டு.

எண்ணிக்கையை நம்பியும் அளவை அறிய முடியாது. சென்னை உணவகங்களில் "பதினான்கு இட்லி" என்று ஓர் உணவு இருக்கிறது. சாம்பாரில் மிதக்கும் அந்தப் பதினான்கும் காசு அளவிலான சின்ன இட்லிகள். சில கடைகளில் ஒரு காஞ்சிபுரம் இட்லியே ஒருவருக்குப் போதும்.

தமிழர் செல்லும் நாடுகளில்

இலங்கையில் மதிய வேளையில் சோற்றுப் பார்சல் பரவலாக விற்கப்படுகிறது. சோற்றுடன் பல கறிகளை ஒன்றாகக் கட்டித் தரும் அந்தப் பொட்டலம் நம் ஊர்ப் பார்சலைப் போலவே பெரியது. கொத்து ரொட்டியும் அப்படித்தான். இருவர் பகிர்ந்து உண்பது சாதாரணம். தேநீர்க் கடைகளில் இன்னொரு வழக்கம் உண்டு. அமர்ந்தவுடன் ரோல்ஸ், வடை, பாண் வகைகள் நிறைந்த தட்டை மேசையில் வைப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் பயணி அது முழுவதும் தமக்கு என்று திகைப்பார். எடுத்து உண்டதற்கு மட்டும் கணக்குப் பார்த்துக் காசு வாங்குவார்கள்.

மலேசியாவில் வாழையிலைச் சாப்பாட்டில் சோறு, காய்கறி, அப்பளம், ரசம் ஆகியவற்றை மீண்டும் கேட்டு வாங்கலாம். மீனும் இறைச்சியும் தனி விலை. பினாங்கில் தமிழ் முசுலிம்கள் வளர்த்தெடுத்த நாசி கண்டார் கடைகளில், தட்டில் எதை எவ்வளவு வைக்கிறோமோ அதற்கேற்ப விலை வரும். அதே மலேசியாவில் வாழையிலையில் கட்டி விற்கும் நாசி லெமாக் பொட்டலம் மிகச் சிறியது. அது காலைப் பசிக்கானது. சிங்கப்பூர் உணவங்காடி நிலையங்களில் சோறு குறைவாகவோ கூடுதலாகவோ வேண்டும் என்று கேட்பது இயல்பான பேச்சு. வளைகுடா நாடுகளின் மந்தி, பெரிய தாம்பாளத்தில் பலர் சூழ்ந்திருந்து உண்பதற்கானது. தனியாகச் செல்பவர் கேட்டறிந்து வாங்க வேண்டும்.

காப்பியிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். இத்தாலியில் ஓர் எசுப்பிரெசோ ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். நம் டம்ளர் டபராக் காப்பி அதைப்போல் சில மடங்கு. அமெரிக்க நிறுவனமான ஸ்டார்பக்ஸில் வென்டி எனப்படும் சூடான காப்பிக் கோப்பை 20 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 590 மில்லிலிட்டர் கொண்டது.

அளந்து பார்த்த ஆய்வுகள்

இந்த வேறுபாட்டை ஆய்வாளர்களும் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக உளவியலாளர் பால் ரோசினும் உடன் ஆய்வாளர்களும் பாரிசு நகரிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒத்த வகை உணவகங்களை ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. பரிமாறும் அளவின் சராசரி பாரிசில் 277 கிராம், பிலடெல்பியாவில் 346 கிராம். அமெரிக்க அளவு ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதல். சீன உணவகங்களில் இந்த வேறுபாடு 72 விழுக்காடாக இருந்தது. மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பாரிசுக்காரர்கள் சராசரியாக 22 நிமிடமும் பிலடெல்பியாக்காரர்கள் 14 நிமிடமும் அமர்ந்திருந்தனர் என்பதையும் அவர்கள் குறித்தார்கள். அதாவது, பாரிசில் குறைந்த உணவை அதிக நேரம் எடுத்து உண்டனர்.

2018 திசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த மற்றோர் ஆய்வு பிரேசில், சீனா, பின்லாந்து, கானா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் உணவக உணவுகளை ஆய்வகத்தில் சோதித்து, அமெரிக்க அளவுகளுடன் ஒப்பிட்டது. இந்தியாவில் மாதிரிகள் பெங்களூரில் எடுக்கப்பட்டன. பரிமாறுபவர் உள்ள உணவகங்களின் உணவுகளில் சராசரி ஆற்றல் 1317 கிலோகலோரி. விரைவு உணவுகளில் 809. பலரும் குறைசொல்லும் விரைவு உணவைவிட, உட்கார வைத்துப் பரிமாறும் உணவே அதிகமாக இருந்தது. அமெரிக்காவைவிடக் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்த நாடு சீனா மட்டுமே. பெரிய தட்டு அமெரிக்காவின் பழக்கம் என்ற பொது எண்ணத்தை இந்த ஆய்வு திருத்தியது.

இந்த 1317 என்னும் எண்ணை முன்பு கண்ட பரிந்துரையோடு வைத்துப் பார்க்கலாம். கடும் உழைப்பு ஆணுக்கு அது ஒரு நாள் தேவையில் 38 விழுக்காடு. உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 62 விழுக்காடு. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு 79 விழுக்காடு. ஒரே வேளையில் ஒரு நாள் தேவையின் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது.

அளவு ஏன் மாறுகிறது?

1. பரிமாறும் முறை: பிரான்சில் உணவு ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுற்றுகளாக வருவதால் ஒவ்வொரு தட்டும் சிறியது. நம் இலையிலோ எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன.

2. பகிர்ந்து உண்ணும் வழக்கம்: சீனாவிலும் அரபு நாடுகளிலும் தட்டு மேசைக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. தனியாள் அதை வாங்கினால் மிகையாகத் தெரியும்.

3. செலவுக் கணக்கு: உணவகத்தின் செலவில் வாடகை, கூலி, மின்சாரம் ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு கரண்டிச் சோறு கூட வைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. வாடிக்கையாளரை மகிழ்விக்க அதுவே எளிய வழி. இறைச்சியையும் மீனையும் விடச் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு போன்றவை தட்டை நிறைப்பதற்கு இதுவே காரணம்.

4. மீதியை எடுத்துச் செல்லும் வழக்கம்: அமெரிக்காவில் மீதியைப் பெட்டியில் கட்டிக் கேட்பது இயல்பு. இரண்டாம் வேளைக்கும் ஆகும் என்பதால் பெரிய தட்டு அங்கே குறையாகப் படுவதில்லை. சப்பானில் பல கடைகள் மீதியைக் கட்டித் தருவதில்லை.

5. விருந்தோம்பல் மதிப்பு: தமிழ்நாட்டில் குறைத்து இடுவது கருமித்தனமாகக் கருதப்படுகிறது. ஒகினாவாவிலோ எண்பது பங்கு வயிறு நிறைந்ததும் நிறுத்துவது நற்பழக்கமாகக் கற்பிக்கப்படுகிறது. நம்மிடமும் அந்த அறிவுரை புதிதன்று. திருக்குறளின் "மருந்து" அதிகாரம் முன்பு உண்டது செரித்ததை அறிந்து, அளவோடு உண்பதையே வற்புறுத்துகிறது.

தட்டும் உப்பும்

பெரிய தட்டின் தீமை என்றால் உடல் எடை மட்டுமே நினைவுக்கு வருகிறது. உப்பு அதற்குச் சற்றும் குறைந்ததன்று. ஒருவர் ஒரு நாளில் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. இது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. உலகச் சராசரியோ 10.8 கிராம், அதாவது இரு மடங்குக்கும் மேல். மிகை உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. அதன் வழியே இதய நோய்க்கும் பக்கவாதத்துக்கும் இடம் தருகிறது.

உணவகத்தில் நாம் உப்பைத் தனியே அளப்பதில்லை. அது உணவோடு சேர்ந்தே வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் உணவில் 100 கிராமுக்கு 1 கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். 277 கிராம் தட்டில் ஏறத்தாழ 2.8 கிராம் உப்பு இருக்கும். 346 கிராம் தட்டில் 3.5 கிராம் இருக்கும். சுவையில் எந்த மாற்றமும் இல்லை. தட்டு பெரிதானதால் மட்டும் ஒரு நாள் வரம்பில் 70 விழுக்காடு ஒரே வேளையில் முடிந்துவிடுகிறது.

நம் முழுச் சாப்பாட்டில் சோற்றில் உப்பு பெரும்பாலும் இல்லை. சாம்பார், ரசம், குழம்பு, பொரியல் ஆகியவற்றில் இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கடற்கரை ஊர்களில் கருவாடு ஆகியவற்றில் மிக அதிகம். சோற்றைக் குறைத்துக்கொண்டு குழம்பை மூன்று முறை வாங்குபவர், தாம் குறைவாக உண்டதாக எண்ணினாலும் உப்பைக் குறைத்தவர் ஆகமாட்டார்.

சட்டங்களும் முயற்சிகளும்

இந்தியாவில் 2017 மார்ச்சில் பிரதமர் தம் வானொலி உரையில் உணவு வீணாவதைப் பற்றிப் பேசினார். அடுத்த மாதம், அப்போதைய உணவுத்துறை அமைச்சர் இராம் விலாசு பாசுவான், உணவகங்களில் பரிமாறும் அளவை வரையறுப்பது பற்றிக் கருத்துத் தெரிவித்தார். இரண்டு இறால் உண்பவருக்கு ஏன் ஆறு வைக்க வேண்டும், இரண்டு இட்லி உண்பவருக்கு ஏன் நான்கு வைக்க வேண்டும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. எதிர்ப்பு வந்தபின், இது கட்டாயம் ஆகாது, உணவகங்கள் தாமாக முன்வந்து செய்வதே என்று விளக்கம் தரப்பட்டது.

நியூயார்க் நகரம் இனிப்புக் குளிர்பானங்களை 16 அவுன்சுக்கு மேற்பட்ட கோப்பையில் விற்பதைத் தடுக்க 2012இல் விதி செய்தது. அந்த மாநில உயர் நீதிமன்றம் 2014இல் அதைச் செல்லாது என்றது. பிரான்சு 2017இல், இலவசமாக வரம்பின்றிக் குளிர்பானம் நிரப்பித் தருவதைத் தடைசெய்தது. கேட்பவருக்கு மீதியைக் கட்டித் தர வேண்டும் என்ற கடமையும் அங்கே 2021 சூலை முதல் நடைமுறைக்கு வந்தது. சீனா 2021 ஏப்ரலில் உணவு வீணாக்கல் எதிர்ப்புச் சட்டம் இயற்றியது. தேவைக்கு மேல் வாங்கும்படி வாடிக்கையாளரைத் தூண்டும் உணவகங்களுக்கு அங்கே தண்டத்தொகை உண்டு.

அளவை வெளிப்படையாகச் சொல்வது இன்னொரு வழி. மகாராட்டிரத்தில் 2020 சனவரி 26 அன்று தொடங்கிய சிவ போஜன் திட்டத்தில், 10 ரூபாய்த் தட்டுக்கு 30 கிராம் சப்பாத்தி இரண்டு, 100 கிராம் காய்கறி, 150 கிராம் சோறு, 100 கிராம் பருப்பு என்று வரையறுக்கப்பட்டது. வாங்குபவருக்குத் தமக்கு உரியது எவ்வளவு என்று தெரியும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் 2022 சூலை முதல் பட்டியலில் கலோரி அளவைக் காட்ட வேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய நிறுவனங்களுக்கு இத்தகைய விதிகள் உள்ளன. மரக்காணம் போன்ற ஊர்களின் சிறு மெஸ்களுக்கு இவ்விதி பொருந்தாது. அங்கே கேட்டறிவதே வழி.

எல்லாத் தட்டுகளையும் ஒரே அளவாகக் குறைத்தால் உடலுழைப்பாளிக்குப் பசி மிஞ்சும். எல்லாவற்றையும் பெரிதாக்கினால் மற்றவருக்கு நோய் மிஞ்சும். அரை அளவை அரை விலைக்கு ஒட்டித் தருவதும், விரும்பியவருக்கு மறுசோறு இடுவதும் இரு சாராருக்கும் பொருந்தும்.

பயணிகள் கவனிக்க வேண்டியவை

- வாங்குமுன் "இது எத்தனை பேருக்கு ஆகும்?" என்று கேட்கவும். பக்கத்து மேசைத் தட்டைப் பார்ப்பதும் நல்ல வழி.
- குடும்பமாகச் சென்றால் ஆட்களின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டுக் குறைவாகச் சொல்லித் தொடங்கலாம். தேவைப்பட்டால் பிறகு வாங்கலாம்.
- பார்சல் சாப்பாட்டை இருவருக்கு ஒன்றாக வாங்கிப் பார்க்கவும்.
- முழுச் சாப்பாட்டில் முதல் முறையிலேயே "கொஞ்சமாக வையுங்கள்" என்று சொல்லவும். இலையில் விழுந்ததைத் திருப்ப முடியாது.
- குழம்பையும் சாம்பாரையும் கிண்ணத்தில் கேட்டு, வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளவும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகிய மூன்றில் ஒன்று போதும்.
- இரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் பயணத்திலும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.
- மீதியைக் கட்டித் தரச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. கடற்கரை வெயிலில் சோறும் மீனும் விரைவில் கெட்டுவிடும் என்பதால், கட்டி வாங்கியதைத் தாமதிக்காமல் உண்டுவிட வேண்டும்.